தவமணி அன்ரி சுற்றிய ரோமன் கோயில்

1. மைக்கைக் கொடுத்தது

மொன்ட்ரியாலில், சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு சிறிய பயண முகவர் நிலையத்தில் வேலை செய்கிறேன். சுற்றுலா ரூர் கொண்டுபோகத் தொடங்குவதற்கு முன் எனக்கு விமான ரிக்கெற் போடும் வேலைதான். மேசை பின்னறையில், போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. எனக்குப் பிடித்த இடம் அது. வாடிக்கையாளர்கள் முன்னால் இருந்து முதலாளியோடு கதைப்பார்கள். என்னோடு தொலைபேசியில் மட்டும்தான். தொலைபேசியில் எனக்குக் கூச்சம் குறைவு. ஆள் நேரில் வந்து நின்றால், மறுமொழி தெரிந்திருந்தாலும் "ஒருக்கால் அண்ணையைக் கேட்டுச் சொல்லுறன்" என்று எழும்பிப் போய்விடுவேன்.

எங்கள் முதலாளி குகன் அண்ணை ஒருநாள் பின்னறைக்கு வந்து மெஷினில் சாய்ந்துகொண்டு நின்றார். அவர் பின்னறைக்கு வந்தால் நல்ல செய்தி இருக்காது.

"வசந்தி, இனி ரிக்கெற் மேசையை வச்சிருந்து பிரயோசனமில்லை. சனம் தங்கட போனிலயே போடுதுகள். இனி ரூர்தான். சுந்தரேசன் சாரின்ர ரோமன் ரூருக்கு நீங்கள் கூடப் போங்கோ."

"நானோ? எனக்குச் சனத்தோட கதைக்கத் தெரியாதே அண்ணை."

"பிரெஞ்சு தெரியும்தானே, காணும். இது சரிவந்தால் வருசா வருசம் நீங்கள்தான் கொண்டுபோறது. சரிவராட்டி…"

"சரிவராட்டி?"

"சரிவராட்டிப் பேந்து பாப்பம்."

எங்கள் கந்தோரில் 'பேந்து பாப்பம்', அதாவது பிறகு பார்க்கலாம் என்பது, விசா கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்த ஆட்களுக்கு அவர் சொல்லும் வார்த்தை. எனக்கு விளங்கிவிட்டது. இந்த ரூர் சரிவராவிட்டால் என் வேலையும் இல்லை.

சுந்தரேசன் சார் தமிழ்நாட்டுக்காரர். பாலம் கட்டும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெற்குப் பிரான்சின் கிராமப்புறத்தில் சிதறிக் கிடக்கும் ரோமன் காலத்து இடங்களை எல்லாம் ஒரு வரைபடத்தில் குறித்து வைத்திருந்தார். பெரிய பட்டணம் ஒன்றும் அதில் இல்லை. வயல்களுக்கு நடுவே, ஆட்டுப் பட்டிகளுக்குப் பின்னால், ரயில் போகாத ஊர்களில் உள்ள இடங்கள். அவருடைய நண்பர்கள் சிலர் சேர்ந்தார்கள். பஸ்ஸின் பாதிதான் நிரம்பியது. மீதிப் பாதியை நிரப்பக் குகன் அண்ணை ஒரு விளம்பரம் போட்டார். 'பிரான்ஸ் சுற்றுலா' என்பது பெரிய எழுத்தில் இருந்தது. 'ரோமன்' என்பது, கண்ணாடி போட்டாலும் கஷ்டப்பட்டுத்தான் வாசிக்கலாம்.

அப்படிச் சேர்ந்தவர்தான் தவமணி அன்ரி. மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் கோயில் சமையலறையை நடத்துபவர். அந்தச் சமையலறையில் அவர் ஒன்றைச் "சரியில்லை" என்று சொன்னால், பூசை முடிவதற்குள் அந்தக் கதை நகரத்தின் மறுகோடியில் உள்ள லாசால் வரைக்கும் போய்விடும். ஒரு சேலைக்கடை அப்படித்தான் பூட்டுப்பட்டது என்று சொல்வார்கள். உண்மையோ தெரியாது. ஆனால் குகன் அண்ணை நம்பினார்.

முதல் நாள், பஸ் வெளிக்கிட்டவுடன் சாரதி என் கையில் மைக்கைத் தந்தார். அதை வாங்கி ஒரு நிமிடம் வைத்திருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த சுந்தரேசன் சாரிடம் "நீங்களே சொல்லுங்கோ சார்" என்று கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மைக் என் கைக்குத் திரும்பி வரவே இல்லை.

2. கல்

சுந்தரேசன் சார் நல்ல மனிதர். ஆனால் எதையும் தொடக்கத்திலிருந்துதான் தொடங்குவார். ஒரு பாலத்தைக் காட்ட வேண்டும் என்றால் முதலில் சுண்ணாம்பு எப்படிச் சுடுவது என்று வரும். பஸ்ஸில் மைக். இறங்கினால் கழுத்தில் தொங்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர். அதையும் மொன்ட்ரியாலிலிருந்து கொண்டு வந்திருந்தார்.

"இது சாதாரண கல்லு இல்லீங்க. ஒவ்வொரு கல்லும் கையால செதுக்கி வெச்சது. நடுவுல சிமென்ட்டே கிடையாது. இதப் பத்தி மூணு கருத்து இருக்கு. முதல் கருத்து—"

முதல் கருத்து முடிவதற்குள் எங்கள் ஆட்கள் நிழலுக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது கருத்தில் மிக்ஸர் பை உடைபடும். மூன்றாவது கருத்தைக் கேட்பது நானும் அவருடைய மனைவியும்தான். அவருடைய மனைவி கேட்டாரா, கண்ணாடிக்குப் பின்னால் நித்திரையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டாம் நாள் பின்னேரம், உடைந்த ஒரு மதிலுக்கு முன்னால் தவமணி அன்ரி என்னைப் பிடித்தார்.

"பிள்ளை, பிரான்ஸ் எண்டுதானே காசு கட்டினனாங்கள். எங்கட சீலைக்கடையள் இருக்கிற லாச்சப்பல் எப்ப வருது?"

"லாச்சப்பல் பாரிசில எல்லோ அன்ரி. நாங்கள் தெற்கில நிக்கிறம்."

"அப்ப சீலை எடுக்கேலாதோ?"

"இல்லை அன்ரி."

அவர் மதிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கல்லுப் பாக்கவோ கடல் தாண்டி வந்தனாங்கள்? என்ர வீட்டுக்குப் பின்னால ரோட்டு வேலை நடக்குது. உதைவிட வடிவான கல்லு கிடக்கு."

பின்னேரத்தில் குகன் அண்ணை தொலைபேசி எடுப்பார். சாப்பாடு எப்படி, ஹொட்டேல் எப்படி என்று கேட்க மாட்டார். ஒரே கேள்விதான்.

"தவமணி அன்ரி என்ன சொல்லுறா?"

"கல்லு எண்டு சொல்லுறா."

"நல்ல கல்லு எண்டோ?"

"இல்லை. வெறும் கல்லு எண்டு."

அவர் பெருமூச்சு விடுவது கேட்கும். எனக்கு அன்று நித்திரை வராது.

3. நிலத்துக்குக் கீழே ஹீற்றர்

மூன்றாம் நாள் ரோமன் காலத்துப் பண்ணையார் வீடு ஒன்றின் மிச்சத்தைப் பார்த்தோம். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு தகரக் கூரை. அதற்குக் கீழே குளிக்கும் அறை. தரை உடைந்திருந்ததால் கீழே சின்னச் சின்னச் செங்கல் தூண்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது. அடுப்புச் சூட்டை அந்தத் தூண்களுக்கு நடுவே விட்டுத் தரையைச் சூடாக்கினார்களாம்.

சார் இதைச் சொல்லத் தொடங்கியதும், நிழலுக்குப் போன ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

"என்ன, நிலத்துக்குக் கீழால ஹீற்றரோ?"

"அந்தக் காலத்திலயோ?"

"என்ர லாண்ட்லோட் ஒக்டோபர் முடியுமட்டும் ஹீற்றர் போடமாட்டான். இவங்கள் எப்பவோ போட்டிருக்கிறாங்கள் பாருங்கோ!"

தவமணி அன்ரி குனிந்து தூண்களைப் பார்த்தார். "சுவருக்குள்ளாலயும் சூடு போகுமோ?" என்று கேட்டார். போகும் என்றார் சார். "அப்ப ஜன்னல் கரை குளிராது" என்றார் அன்ரி. மொன்ட்ரியாலில் ஒரு தை மாதத்தைக் கடந்த எவருக்கும் அந்தப் பேச்சு விளங்கும். எல்லோரும் அந்தத் தரையைச் சுற்றி நின்று தங்கள் தங்கள் வீட்டுக் குளிரைப் பற்றிக் கதைத்தார்கள். சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே கூரை ஓடுகளைப் பற்றிய மூன்று கருத்துகளை எடுத்தார். எல்லோரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

நான் அன்று ஒன்றைக் கவனித்தேன். ஆனால் அது என்ன என்று சொல்ல எனக்கு அப்போது வார்த்தை வரவில்லை.

4. மூன்றாவது சுற்று

ஐந்தாம் நாள் போன இடம் ஒரு சிறிய மலைச்சரிவு. சுற்றிவர ஓக் மரங்கள். வெயிலில் புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருந்தது. வாசலில் மடாம் ஓடில் என்ற பெண் கதவைத் திறந்துவிட்டார். அந்த இடத்துப் பூட்டின் திறப்பு அவரிடம்தான். புல் வெட்டுவதும் அவர்தான். முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து. கோடையில் நெருப்புக் கூடாது, சிகரெட்டும் கூடாது என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் போனார். வீடு பக்கத்திலேயே இருந்தது.

நான் அதைத் தமிழில் எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டும். சார் ஏற்கெனவே ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார். அவரைக் குறுக்கிட எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஆட்கள் சிகரெட் பிடிப்பதில்லையே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அங்கே இருந்ததெல்லாம் முழங்கால் உயரத்துக்குச் சுவர். நடுவில் ஒரு சதுரம். அதைச் சுற்றி இன்னொரு பெரிய சதுரம். இரண்டுக்கும் நடுவே நாலு பேர் சேர்ந்து நடக்கக்கூடிய புல் தரை.

"நடுவுல இருக்கறது கருவறை மாதிரி. சுத்தி இருக்கறது ஒரு தாழ்வாரம். இந்தத் தாழ்வாரத்துல ஜனங்க என்ன பண்ணாங்கன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியல. அதுக்கு மூணு கருத்து இருக்கு. முதல் கருத்து—"

தவமணி அன்ரி என் தோளில் தட்டினார்.

"பிள்ளை, உவர் கருவறை எண்டு சொல்லுறார். இது கோயிலோ?"

"ஓம் அன்ரி. ரோமன் காலத்துக் கோயில்."

"ஆரின்ர கோயில்?"

"பேர் தெரியாதாம்."

"பேர் தெரியாட்டி என்ன, கோயில்தானே! முதலே சொல்லுறதில்லையே? சப்பாத்தோட நிக்கிறன்!"

அந்த இடத்திலேயே குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். பக்கத்தில் நின்ற பெண்கள் தங்களுடையதைப் பார்த்தார்கள். அவர்களும் கழற்றினார்கள். பிறகு ஆண்கள். சாருடைய நண்பர்களான இரண்டு டாக்டர்களும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் சப்பாத்துகள் எல்லாம் வெளிச் சுவர் ஓரமாக வரிசையில் இருந்தன. எல்லோரும் தாழ்வாரத்துக்குள் இறங்கி, நடுச் சதுரத்தை வலப்பக்கமாக வைத்துச் சுற்றத் தொடங்கினார்கள். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கோயிலின் உள்வீதி எங்கே போகிறது என்று கால்களுக்கே தெரிந்திருந்தது.

சார் மட்டும் நின்ற இடத்தில் நின்றார்.

"ஏங்க, நான் இன்னும் முதல் கருத்தே சொல்லலியே!"

"வந்து சொல்லுங்கோ சார், நடந்துகொண்டே கேக்கிறம்" என்று ஒருவர் சொன்னார். சார் அசையவில்லை. தொல்லியல் இடத்தில் சப்பாத்தைக் கழற்றுவது அவருக்குச் சம்மதமில்லை.

இரண்டு சுற்று முடிந்தது. எனக்கும் மனம் லேசாக இருந்தது. குகன் அண்ணையிடம் இன்றைக்கு நல்ல செய்தி சொல்லலாம் என்று நினைத்தேன். அப்போது தவமணி அன்ரி வரிசையிலிருந்து விலகி நடுச் சதுரத்தின் விளிம்பில் குந்தினார். கைப்பையைத் திறந்தார். ஒரு தட்டையான கல்லில் எதையோ வைத்தார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

கற்பூரம்.

"அன்ரி!" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மடாம் ஓடில் ஜன்னலால் பார்த்திருக்க வேண்டும். அந்த ரப்பர் சப்பாத்தோடு அவ்வளவு வேகமாக ஓடலாம் என்று நான் நினைத்திருக்கவில்லை. கையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வாளி. வந்த வேகத்தில் அப்படியே ஊற்றினார். கற்பூரம் அணைந்தது. தவமணி அன்ரி தலை முதல் இடுப்பு வரை நனைந்தார்.

பிறகு இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். மடாம் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதினால்தான் சூடு விளங்கும்.

"விசரோ உங்களுக்கு? போன கோடையில அந்தப் பக்க மலை முழுக்க எரிஞ்சது! ஜொந்தார்ம் பொலிசை இப்பவே கூப்பிடுறன்! எல்லாரும் வெளியில!"

"என்னவாம் சொல்லுறா? கோயிலுக்குள்ள ஒரு மனிசிக்குத் தண்ணி ஊத்துறதோ? நான் இனி ஒரு நிமிசம் இஞ்ச நிக்கமாட்டன். பிள்ளை, நாளைக்கே எனக்கு ரிக்கெற் போடு! மொன்ட்ரியாலுக்குப் போய்க் கதைக்கிறன் உங்கட ரூரைப் பற்றி!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மற்றவர்கள் தாழ்வாரத்தில் போன இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் முதல்முறையாக மௌனமாக இருந்தது. "ஒருக்கால் அண்ணையைக் கேட்டுச் சொல்லுறன்" என்பது வாய் வரைக்கும் வந்தது. அண்ணை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

முதலில் மடாமிடம் போனேன். என் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. மொன்ட்ரியாலில் தையல் தொழிற்சாலையிலும் டெப்பனர் எனும் மூலைக்கடையிலும் காது வழியாக வந்தது. அதுதான் இருந்தது. அதிலேயே சொன்னேன்.

"மடாம், பிழை என்னுடையது. நீங்கள் நெருப்புக் கூடாது என்று சொன்னதை நான் இவர்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் கோயிலில் சுற்றி வந்து, கற்பூரம் கொளுத்துவோம். அந்த அம்மா இதையும் தன் கோயில் என்று நினைத்துவிட்டார்."

மடாம் என்னை உற்றுப் பார்த்தார். கோபம் இருந்த முகத்தில் வேறு ஏதோ வந்தது.

"நீ கியூபெக்கோ?"

"ஓம், மொன்ட்ரியால்."

"கடவுளே, நீ கதைக்கிறது அப்படியே கியூபெக்!" வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஒரு தமிழ்ப் பெண்ணின் வாயிலிருந்து அந்தக் கனடாப் பிரெஞ்சு உச்சரிப்பு வருவது அவருக்குத் தாங்கவில்லை. இன்னும் ஏதாவது சொல்லச் சொன்னார். கூச்சத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் ஜொந்தார்மின் கதை நின்றுவிட்டதால், "இண்டைக்குச் சரியான வெக்கை" என்று சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் சப்பாத்து வரிசையைப் பார்த்தார். தாழ்வாரத்தில் நின்றவர்களைப் பார்த்தார்.

"ஏன் இதுக்குள்ளால நடக்கிறீங்கள்?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. "கோயிலைச் சுற்றாமல் எப்படி மடாம்?" என்றேன்.

அவர் சுவரில் குந்தினார். "கல்யாணம் கட்டி வந்த நாளிலயிருந்து இந்தப் புல்லை நான்தான் வெட்டுறன். வாறவையெல்லாம் சுவருக்கு மேலால பாய்ந்து நடுவுக்குப் போய், ஒரு படம் எடுத்திட்டுப் போவினம். கட்டினவை நடக்கவெண்டு விட்ட பாதையால ஒருத்தரும் நடந்ததை நான் காணேல்லை."

நான் அதைத் தமிழில் சொன்னேன். சார் இரண்டு கையையும் தூக்கினார். "அதத்தாங்க நான் சொல்ல வந்தேன்!" யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் தவமணி அன்ரியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்ரி சீலைத் தலைப்பைப் பிழிந்தார். முகம் இன்னும் இறுக்கமாகத்தான் இருந்தது.

"அவவிட்டச் சொல்லு. ரெண்டு சுத்துத்தான் முடிஞ்சது. ரெண்டோட விடேலாது. மூண்டாவதை முடிச்சிட்டுத்தான் நான் ரிக்கெற்றைப் பற்றிக் கதைப்பன்."

சொன்னேன். நெருப்பில்லாமல் என்றால் எத்தனை சுற்றென்றாலும் சுற்றலாம் என்றார் மடாம்.

"அவவையும் வரச்சொல்லு. புல்லு வெட்டுறது அவதானே."

அதையும் சொன்னேன். மடாம் எழும்பித் தாழ்வாரத்துக்குள் காலை வைத்தார். தவமணி அன்ரி கையை நீட்டி மறித்தார்.

"சப்பாத்தைக் கழட்டச் சொல்லு."

என்னால் அதை மொழிபெயர்க்க முடியவில்லை. அது அவருடைய நாடு, அவருடைய திறப்பு. அன்ரி காத்திருக்கவில்லை. ரப்பர் சப்பாத்தை விரலால் காட்டினார். பிறகு சுவர் ஓரத்து வரிசையைக் காட்டினார்.

மடாம் ஓடில் சுவரில் குந்திக்கொண்டு ஒரு சப்பாத்தை இழுத்தார். வரவில்லை. அன்ரி குனிந்து மற்றதைப் பிடித்து இழுத்தார்.

"அபிஷேகம் எனக்கு நடந்திட்டுது" என்றார் அன்ரி, இழுத்துக்கொண்டே. "இனி நடக்கிறதுதான் பாக்கி."

5. பலகை

அன்று பின்னேரம் குகன் அண்ணை தொலைபேசி எடுத்தபோது, தவமணி அன்ரி அதை என் கையிலிருந்து வாங்கினார்.

"குகன், இந்தப் பிள்ளையை ஏன் இவ்வளவு நாளும் போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில ஒளிச்சு வச்சிருந்தனீர்? ஜொந்தார்மைக் கூப்பிட வெளிக்கிட்ட மனிசியைச் சிரிக்கப் பண்ணி நிப்பாட்டினவள். ஓம், ஒரு கொம்ப்ளெய்ன் இருக்கு. ஒரு கோயில்தான் காட்டினவை. மற்றதெல்லாம் கல்லு."

அடுத்த நாள் காலை பஸ் வெளிக்கிட்டபோது, நான் சாரிடம் போய் மைக்கைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தந்தார். "இண்டைக்குப் பாக்கப்போறது சந்தை" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அந்த ரோமன் சந்தையின் இடிபாட்டில் எங்கள் பெண்கள் மீன்கடை எங்கே, கழிவுத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்று தேடிக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு இடத்துக்கு எத்தனை வயது என்று முதலில் சொல்லாதீர்கள். அங்கே மனிதர் என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள். இது குளித்த இடம், இது வாங்கி விற்ற இடம், இது கும்பிட்ட இடம். மிச்சத்தைச் சனம் பார்த்துக்கொள்ளும். கூச்சமாக இருந்தாலும் அந்த ஒரு வசனத்தை நீங்களேதான் சொல்ல வேண்டும். இன்னொன்று, நெருப்புக் கூடாது என்று சொன்னால் அதை உடனே சொல்லிவிடுங்கள். எங்கள் ரூருக்கு வருபவர்களிடம் இப்போது விமான நிலையத்திலேயே கற்பூரத்தை வாங்கி வைத்துவிடுகிறோம். கழற்றச் சுகமான சப்பாத்துப் போட்டு வரும்படியும் சொல்கிறோம்.

அடுத்த கோடையில் பஸ் முழுக்க நிரம்பியது. தவமணி அன்ரி சமையலறை ஆட்கள் எல்லோரையும் கூட்டி வந்திருந்தார். சுந்தரேசன் சாரும் வந்தார். "இது யாத்திரை இல்லீங்க, ஆர்க்கியாலஜி" என்று பஸ்ஸில் மூன்று தரம் சொன்னார்.

மலைச்சரிவுக்குப் போனபோது கதவுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பலகை போட்டிருந்தது. சப்பாத்து வைக்க. மடாம் ஓடில் வெறுங்காலோடு வாசலில் நின்றார். ஒவ்வொருவராகக் கழற்றி வைத்துவிட்டுப் போனோம். கடைசியாக சுந்தரேசன் சார், மலையேறும் சப்பாத்தோடு, நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். மடாம் கையை நீட்டி மறித்தார். சப்பாத்தை விரலால் காட்டினார். பலகையைக் காட்டினார்.

சார் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர் பலகையில் குந்தி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். சுற்றத் தொடங்காமல் எல்லோரும் அவருக்காக நின்றார்கள்.

"ஆறுதலாக் கழட்டுங்கோ சார்" என்றார் தவமணி அன்ரி. "போன வருசம் விட்ட முதல் கருத்தைச் சொல்லிச் சொல்லிக் கழட்டுங்கோ."

சார் குனிந்தபடியே சொன்னார். அன்றுதான் நாங்கள் அதை முழுதாகக் கேட்டோம். முதல் கருத்து என்னவென்றால், அந்தத் தாழ்வாரத்தில் சனம் சுற்றி நடந்திருக்க வேண்டும் என்பது.

"உதுக்கோ சார் ஸ்பீக்கர்?" என்றார் அன்ரி. நடக்கத் தொடங்கினோம்.